ஒரே கதவு எண், ஐந்து அடுப்பு

எங்கள் வளவில் ஐந்து அடுப்புகள் எரிகின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வரும் அரசாங்கக் காகிதங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருக்கிறது.

வளவு என்று எங்கள் பக்கம் சொல்வது, ஒரே வெளிவாசலுக்குள் முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய வீடுகளை. விருதுநகரில் வத்தல் குடோன்கள் முடிகிற இடத்தில் எங்கள் தெரு இருக்கிறது. தெருவில் இப்படி நான்கு வளவுகள். எங்களுடையதில் ஐந்து வீடு, எல்லாம் ஓட்டு வீடு. ஐந்து பேர் சேர்ந்து வாங்கிய மனை அது. அவர்களில் என் அப்பாவும் ஒருவர்; அவருக்குப் பின் அந்தப் பங்கு எனக்கு வந்தது. பத்திரத்தில் ஐந்து பெயர் உண்டு. பட்டா ஒன்று, கதவு எண் ஒன்று. யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. பிரிக்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

நான் தினமும் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வேலையில் பெரும்பகுதி தினசரி காலண்டர். தேதி, கிழமை, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம் என்று ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் கிழமை தவறினால் பின்னால் வரும் அத்தனை தாள்களும் தவறிப்போகும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வளவில் நடப்பதை நாள்வாரியாக நோட்டில் எழுதிவருகிறேன். எந்த வீட்டில் எப்போது குழந்தை பிறந்தது, யார் வீட்டு ஓடு எந்த மழையில் சரிந்தது, பட்டாசு ஆலை வேன் எந்த நாள் வரவில்லை, எந்தப் புத்தகத்தை நான் எப்போது முடித்தேன் எல்லாம் அதில் இருக்கின்றன. வளவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ‘காலண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இங்கே மாதத்தையும் கிழமையையும் மட்டும் தருகிறேன். தேதிகள் நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை இனி யாருக்கும் எடுத்துக் காட்டுவதாக இல்லை.

என் வீட்டுக்கு அடுத்தது நடுவீடு. அங்கே இருப்பவளை நான் மதினி என்று கூப்பிடுவேன், அவள் கணவரை அண்ணன் என்று. எனக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு கிடையாது. எங்கள் வளவில் யாருக்கும் யாரோடும் கிடையாது. ஆனால் முறை சொல்லாமல் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. கோடி வீட்டில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சித்தப்பா. எதிர்வீட்டில் தனியாக இருந்துகொண்டு பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர் அத்தை. வாசல் வீட்டில் இருந்துகொண்டு ஆலை வேன் ஓட்டுகிறவன் தம்பி. மதினி அந்த வேனில்தான் காலை ஆறு மணிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலைக்குப் போகிறாள். அண்ணன் எண்ணெய் மில்லில் லோடு ஏற்றுகிறார்.

மதினிக்கு ஒரே மகள். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு விருதுநகரிலேயே வேலை கிடைத்ததால் இங்கே வாடகைக்கு வந்து, ஒரு சந்துக்குள் ஜன்னல் இல்லாத அறையில் இருந்தார்கள். ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டு, அதற்கு மேல் ஓர் அறையும் அடுப்படியும் கட்டி மகளைக் குடிவைக்க வேண்டும் என்பது மதினியின் எண்ணம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தன் சேலையை நீளமாக விரித்துப் போட்டு, அதன் ஓரத்தோடு கோலப்பொடியால் கோடு இழுத்தாள். அதுதான் மாடி அறையின் நீளம். அகலத்துக்குச் சேலையைப் பாதியாக மடித்தாள்.

“ஏ காலண்டரு, மாடி கட்ட நல்ல நாள் பாத்துச் சொல்லு.”

“பிளானே போடல மதினி. அதுக்குள்ள நாளா?”

“நாளு குறிச்சிட்டா பிளானு பின்னாலயே வந்துரும். ஆம்பளைகளுக்குத்தான் காகிதம் மொதல்ல வேணும்.”

அத்தை தன் வாசலில் இருந்தபடியே, “மாடி கட்டுனா ஏணிய என் வீட்டுப் பக்கம் வைக்காத. ஒம் மருமகன் பொழுதன்னிக்கும் ஏறி எறங்குவான். நான் குழாய எண்ணுவனா அவன் காலை எண்ணுவனா?” என்றார். முற்றத்தில் எல்லோரும் சிரித்தோம். கோலப்பொடிக் கோடு மூன்று நாள் கிடந்தது. யாரும் அதை மிதிக்காமல் சுற்றிப் போனோம்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனையில் மச்சு வீடு அவருடையது. பஜாரில் பருப்பு மொத்த வியாபாரம். எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். இந்த ஊரில் நான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் அவர். சனிக்கிழமை மாலை சிவகாசியிலிருந்து பஸ் இறங்கியதும் அவர் கடைக்குப் போவேன். துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு. போனதும் கேட்பார்:

“என்ன தங்கச்சி, முடிச்சாச்சா?”

“பாதிதான் அண்ணாச்சி.”

“பாதிக்கு மேலதான் அவன் வேலையக் காட்டுவான், பாருங்க.”

நாங்கள் மாற்றிக்கொண்ட புத்தகங்களின் பட்டியலே ஒரு நோட்டு இருக்கும். அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது மதுரைக்குக் கொண்டுபோன கார் அவருடையது. அன்று முன் இருக்கையில் அமர்ந்து, வழி நெடுக அப்பாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அது உண்மை. பின்னால் நடந்ததற்காக அதை அடிக்க முடியாது.

ஆனி மாதம் நகரத்தின் திட்ட வரைபடத்தைத் திருத்தப்போவதாகவும் அதற்கு நில உபயோகக் கணக்கெடுப்பு நடப்பதாகவும் சொன்னார்கள். கதவு எண்ணுக்கு ஒரு படிவம். வீட்டுக்காரர்களே நிரப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை சமையலறை, வீட்டில் தொழில் நடக்கிறதா, உறுப்பினர்கள் யார், அவர்கள் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கட்டங்கள் இருந்தன.

அதே வாரம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. மதினி போகும் ஆலை இல்லை. என்றாலும் அன்று மாலை வேன் திரும்பும்வரை வளவில் யாரும் வீட்டுக்குள் உட்காரவில்லை. எல்லோரும் தெருவில் நின்றோம். அப்படி ஒரு விபத்து நடந்தால், வீடுகளில் பட்டாசு வேலை நடக்கிறதா என்று சோதனை வருவதாகப் பேச்சு கிளம்பும். எங்கள் தெருவில் வெடிமருந்து தொடுகிறவர்கள் யாரும் இல்லை. அத்தையும் இன்னும் சில பெண்களும் உருட்டுவது வெறும் காகிதமும் பசையும். ஆனால் குழாயைப் பார்த்தால் பட்டாசு என்றுதான் தோன்றும். அத்தை இரண்டு நாள் குழாய்க் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே சேலையைத் தொங்கவிட்டு மறைத்து வைத்தார்.

புதன்கிழமை காலை அண்ணாச்சி எங்கள் முற்றத்துக்கு வந்தார். கையில் நான்கு வளவுகளுக்குமான படிவங்கள்.

“இதுல அஞ்சு குடும்பம்னு எழுதாதீக. அஞ்சு குடும்பம், அஞ்சு எடத்துல குழாய்னு பாத்தாகன்னா பட்டறைன்னு எழுதிட்டுப் போயிருவாக. அப்புறம் ஆளு மாத்தி ஆளு வந்து கதவத் தட்டிக்கிட்டே இருப்பாக. ஒரே குடும்பம்னு போடுங்க. வீட்டுப் பொம்பளைக ஓய்வு நேரத்துல உருட்டுதாக, அம்புட்டுதான்.”

“எனக்கு ஓய்வுங்கீகளா அண்ணாச்சி?” என்றார் அத்தை. “முதுகக் கேட்டுப் பாருங்க, அது சொல்லும்.”

அண்ணாச்சி சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, நீங்களே எழுதிருங்க. ஒங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். யாரும் மறுகேள்வி கேக்க மாட்டாக” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

குடும்பத் தலைவர் என்று அண்ணன் பெயரைப் போட்டேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒரு கணம் பேனா நின்றது. பிறகு, யாரை அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினேன். கோடி வீடு: சித்தப்பா. எதிர்வீடு: அத்தை. வாசல் வீடு: தம்பி. என் பெயருக்கு எதிரே: தங்கை. பொய் எழுதுவதாகவே தோன்றவில்லை. தினமும் வாயில் வருவதைத்தானே எழுதினோம்! மதினி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “பாத்தியா, இன்னைக்குத்தான் நீ எனக்கு நெசமான நாத்தனா. இனிமே கொடும பண்ணுனா கேக்க ஆளு உண்டு” என்றாள். சமையலறை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். மற்ற மூன்று வளவுக்காரர்களும் வந்து எங்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடையதையும் நானே எழுதினேன். அங்கேயும் ஒரே குடும்பம், ஒரே சமையலறை. அங்கேயும் சித்தப்பாக்களுக்கும் மச்சான்களுக்கும் குறைவில்லை.

ஆடிப்பெருக்கன்று அச்சகத்தில் புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதுவரை எனக்கு நிமிர நேரம் இருக்காது. ஆவணியில்தான் மதினி பிளான் போடுகிறவரிடம் போனாள். மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். தை மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துவரும்போது மாடி அறை தயாராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். பிளான் போடுகிறவர், “கொஞ்சம் பொறுங்கம்மா, திட்டம் திருத்துறாங்க, முடியட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை நாளிதழில் அறிவிப்பு வந்தது. பஸ்ஸில் வாசித்தேன். எங்கள் தெருவும் அதற்குப் பின்னால் ஓடை வரைக்கும் உள்ள நிலமும் இதுவரை கலப்புக் குடியிருப்பு என்ற வகையில் இருந்தன. இனி அவை தனிக்குடும்ப வீட்டுப் பகுதி. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம். கணக்கெடுப்பின்படி இப்போதே அங்கே இருப்பவை பெரும்பாலும் தனிக்குடும்ப வீடுகள்தான் என்பதால் இந்த மாற்றத்தால் யாரும் பாதிக்கப்பட மாட்டார்கள் என்று ஒரு வரி. ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம்.

அந்த ஒரு வரியை மூன்று முறை வாசித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

அன்று மாலையே பிளான் போடுகிறவரைப் பார்த்துக் கேட்டேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: “வளவுங்க இருக்கிறபடியே இருக்கலாம். யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. ஆனா இடிச்சுக் கட்டுனாலோ மேல எடுத்தாலோ மனை முழுசும் ஒரு குடும்பத்து வீடுன்னுதான் அனுமதி. இன்னொரு குடும்பத்துக்குத் தனி அடுப்படி, தனிப் படி எதுவும் கிடையாது.”

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல அண்ணாச்சி கடைக்குப் போனேன். அறிவிப்பை அவரும் வாசித்திருந்தார்.

“அவசரத்துல இப்படி எழுதிருப்பாக. நீங்க பதறாதீக. ஆட்சேபம் எழுதிக் குடுங்க. விசாரணைக்குக் கூப்பிடுவாக. நானும் வாரேன், சங்கத்துச் சார்பா பேசுதேன்.”

“நம்ம எழுதிக் குடுத்தத வச்சுத்தான அண்ணாச்சி இப்படிப் போட்டிருக்காக?”

“அதெல்லாம் பேசிக்கிடலாம். ஒங்ககிட்டதான் நோட்டு இருக்கே. எந்த வீட்டுல எப்ப பால் காய்ச்சுனாகன்னு வரைக்கும் எழுதி வச்சிருப்பீகளே! அதக் கொண்டு வாங்க.”

கிளம்பும்போது ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். “மெதுவா படிங்க, அவசரமில்ல” என்றார். நிம்மதியாக வீடு வந்தேன். மதினியிடம், அண்ணாச்சி வருகிறார், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன்.

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நகராட்சி அலுவலகத்தில். தீபாவளிக்கு முந்தைய நாட்கள், பட்டாசுக்கு அதுதான் சீசன். மதினியால் வர முடியவில்லை.

“இப்ப லீவு கேட்டேன்னா தீபாவளிக்கு அப்புறமும் வீட்டுலயே இருன்னுருவாக. நீ போயிட்டு வா. நான் வந்து என்ன பேசப் போறேன்? எழுத்து இருக்குல்ல ஒங்கிட்ட.”

மற்ற வளவுகளிலும் அதே கதைதான். நான் மட்டும் போனேன். ஒயர் கூடையில் நான்கு நோட்டுகள். மதினியின் கல்யாணம், அவள் தனியாகக் கேஸ் இணைப்பு வாங்கிய நாள், தம்பி குடிவந்து பால் காய்ச்சிய நாள், அத்தை வீட்டுக்குத் தனி மின் மீட்டர் மாட்டிய நாள் என்று பக்கங்களில் துண்டுக் காகிதம் செருகி வைத்திருந்தேன்.

அண்ணாச்சி எனக்கு முன்பே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

அதிகாரி மரியாதையானவர். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். நோட்டையும் வாங்கிப் புரட்டினார். “ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்கம்மா” என்றார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆனியில் நான் நிரப்பிய படிவம்.

“ரெண்டும் ஒரே கையெழுத்துதானே?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“ஒரே பட்டா. ஒரே கதவு எண். ஒரே குடும்பம்னு நீங்களே எழுதிருக்கீங்க. சித்தப்பா, அத்தை, தம்பி, தங்கை. இதுல எதும்மா பொய்? இதுவா, நோட்டா?”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஏன் அப்படி எழுதினோம், யார் சொல்லி எழுதினோம் என்று சொல்லக் கூடியவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, அந்தக் கையெழுத்துக்கு நான் சாட்சி. எங்க தெருவுலயே அப்படி ஒரு எழுத்து வேற யாருக்கும் வராது. காலண்டருக்கே பிழை பாக்கிறவக. தப்பா எழுத மாட்டாக. நாலு வளவுக்கும் அவகதான் எழுதுனாக, எல்லாரும் பக்கத்துலயே நின்னாக. சங்கத்துக்கு இந்த மாத்தத்துல ஆட்சேபம் ஒண்ணும் கிடையாது. தெரு அமைதியா இருக்கணும்னுதான் எல்லாருக்கும் ஆசை.”

குரலில் கேலி ஒரு துளிகூட இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு நல்ல புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது வருமே, அதே குரல்.

அத்தையின் குழாய்க் கட்டுகளைப் பற்றிச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும். சோதனைக்குப் பயந்து எழுதினோம் என்றால் அடுத்த கேள்வி என்ன சோதனை என்பதாக இருக்கும். அத்தை கட்டிலில் சேலையைத் தொங்கவிட்டது கண்ணுக்குள் வந்தது. நோட்டுக்குக் கையை நீட்டினேன். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார். துண்டுக் காகிதங்களில் இரண்டு கீழே விழுந்தன. அண்ணாச்சி குனிந்து எடுத்து என் கூடையில் போட்டார்.

வெளியே நடைபாதையில் கேட்டேன். “என்ன அண்ணாச்சி இப்படிப் பேசிட்டீக?”

“நீங்க எழுதுனது பொய்யா தங்கச்சி? நீங்கல்லாம் ஒத்துமையா ஒரே குடும்பம் மாதிரித்தான இருக்கீக. ஊருல எங்கன அப்படி இருக்கு, சொல்லுங்க. ஊருன்னா ஒழுங்கா வளரணும். எல்லாம் நல்லதுக்குத்தான்.” பிறகு, “பஸ்ஸுக்கா போறீக? வாங்க, கார்ல விட்டுருதேன்” என்றார்.

நடந்தே பஸ் நிலையத்துக்குப் போனேன்.

அதுவரைக்கும், அவரும் யாருக்கோ பயந்து பேசினார் என்று நினைக்க எனக்கு இடம் இருந்தது. வியாழக்கிழமை அதுவும் போயிற்று. அச்சகத்தில் வந்த வேலைக்கெல்லாம் ஓர் ஆர்டர் அட்டை உண்டு. எந்த நாள் ஆர்டர் வந்தது, எத்தனை நிறம், எப்போது புரூஃப் என்று அதில் இருக்கும். புரூஃபையும் அட்டையையும் சேர்த்துக் கிளிப் போட்டு என் மேசைக்கு அனுப்புவார்கள். காலண்டர் நெருக்கடியில் நின்றுபோன வேலைகளை அன்று ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். அதில் ஒன்று, புதிய மனைப்பிரிவு ஒன்றுக்கான நான்கு பக்க விளம்பரத் தாள். எங்கள் தெருவுக்குப் பின்னால், ஓடை வரைக்கும். படத்தில் பச்சைப் புல், சிவப்பு ஓட்டுக் கூரை, காம்பவுண்டுச் சுவர். ‘முழுவதும் தனிக்குடும்ப வீடுகளே அமைந்த பகுதி. அடுக்குமாடி, வரிசை வீடுகள், வாடகை வளவுகள், ஆலை வேன்களின் தொல்லை இல்லை.’ கீழே உரிமையாளர் என்று அண்ணாச்சியின் பெயர்.

அட்டையைத் திருப்பி ஆர்டர் வந்த நாளைப் பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. சித்திரை. கணக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பு. ஆலையில் விபத்து நடக்காத காலம். சோதனை என்ற பேச்சே எழாத காலம். மதினி முற்றத்தில் சேலையை விரித்து அளந்தாளே, ஏறக்குறைய அந்த வாரம்.

‘வாடகை வளவுகள்’ என்பதில் கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப் போயிருந்தது. திருத்தினேன். அது என் வேலை. கீழே என் சுருக்கொப்பத்தைப் போட்டு உள்ளே அனுப்பினேன்.

மதினியிடம் அன்று மாலைதான் சொன்னேன். வேனிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பூச்சைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். படிவத்தைக் காட்டியதையும் அண்ணாச்சி பேசியதையும் ஆர்டர் அட்டையையும் ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீரை நிறுத்தாமல் கேட்டாள்.

“அவரு அவரோட ஆதாயத்துக்குச் சொன்னாரு. வியாபாரி. அவரு மேல எனக்கு என்ன? நீ எதுக்கு எழுதுன?”

“நீங்களும் பக்கத்துல நின்னு சரின்னீகளே மதினி.”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா, நின்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாதே. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நின்னேன். இந்த வளவுல யாருக்கு ஒரு காகிதம் வந்தாலும் ஒன் வாசல்லதான வந்து நிக்கோம்? அவரு என்னை ஏமாத்தல. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நான் ஒன்னைய நம்புனேன்.”

குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் மாற்றம் உறுதியானதாக அறிவிப்பு வந்தது. அதன்பின் யாரும் தங்களுக்கு வந்த காகிதத்தை என்னிடம் கொண்டுவரவில்லை. கேஸ் நிறுவனத்திலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டி, தம்பியின் மனைவியிடம் போய்க் கொடுத்தார். அவள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பது என் வீட்டுக்குக் கேட்டது. ஓர் இடத்தில் தவறாக வாசித்தாள். நான் போய்த் திருத்தவில்லை. அண்ணாச்சியின் தடித்த புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதியைத் தாண்டவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் இறங்கியதும் பஜார் வழியாகப் போகாமல் குடோன் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன்.

கார்த்திகை மழையில் நடுவீட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. முற்றத்தில் ஆட்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிளான் போடுகிறவர் ஒரு வழி சொல்லியிருந்தார். ஐந்து பங்குதாரர்களும் தாங்கள் ஒரே குடும்பம்தான் என்றும், மனையைப் பிரிக்க மாட்டோம் என்றும், இனி யாரும் தனியாக வீடு எழுப்ப உரிமை கேட்க மாட்டோம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த ஒரே குடும்பத்து வீட்டில் கூடுதல் படுக்கையறை என்று நடுவீட்டின் மேல் ஓர் அறைக்கு அனுமதி கிடைக்கும். அடுப்பு கிடையாது. படி வீட்டுக்குள்ளிருந்துதான். மகள் கீழே தாயோடு சமைத்துக்கொண்டு மேலே படுத்துக்கொள்ளலாம்.

அதாவது ஆனியில் நான் எழுதிக் கொடுத்ததை இப்போது ஐவரும் சேர்ந்து உண்மையாக்க வேண்டும். என் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் கட்டாமல் இருப்பது வேறு, இனி கட்டவே முடியாது என்று ஆவது வேறு. சித்தப்பாவும் அத்தையும் தம்பியும் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டின் மேலும் இனி எதுவும் எழும்பாது. அது அவர்களுக்கும் தெரியும்.

புதன்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. மதினி பாலித்தீன் பைக்குள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். புரட்டாசிக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தாளை எடுத்து மேசைமேல் வைத்து, மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். யாரோ சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

“படிக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு.”

“சரி மதினி.”

அவள் விரல்களில் வெள்ளிப் பூச்சு நகக்கண்ணில் இன்னும் இருந்தது. அந்த விரல்களுக்குக் கீழே என் பெயரும் அதற்கு எதிரே உறவும் இருந்திருக்கும். கடைசி வரி மட்டும் கைக்கு வெளியே தெரிந்தது. ‘இன்று’ என்று தொடங்கித் தேதியும் கிழமையும் போட்டிருந்தார்கள். தேதி சரி. கிழமை வியாழன் என்று இருந்தது.

பேனா என் கையில்தான் இருந்தது. அந்தக் கிழமைக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மதினி தாளை எடுத்து, மை காய வாயால் ஊதிக்கொண்டே முற்றத்தின் ஓரமாக நனையாமல் நடந்து தன் வீட்டுக்குப் போனாள்.